ரிச்சாக ஓடிய கார், லீன் என்று சொன்ன சென்சார்: ஒரு நிகழ்வு ஆய்வு

பிளக் நான்கையும் கழற்றி வரிசையாக வைத்தேன். நான்கும் கரிக்கட்டை. சைலன்சர் வாயில் விரலை விட்டுத் தடவினால் விரல் முழுக்கக் கருப்பு, இன்ஜின் சூடான பிறகு பின்னால் நின்றால் கண் எரிகிற அளவுக்கு பெட்ரோல் வாடை. டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்த்தால் ஆயிலிலும் பெட்ரோல். இதையெல்லாம் பார்த்த யாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: மிக்சர் (காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை) ரிச், காற்றின் அளவுக்குத் தேவையானதைவிட அதிகமாகப் பெட்ரோல் போகிறது.

ஆனால் அதே கார் டேஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கை எரியவிட்டுக்கொண்டு, தன் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்திருந்த கோட் நேர் எதிரானது. எக்சாஸ்ட் லீன், அதாவது பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம்.

இந்த முரண்பாட்டோடுதான் அந்தக் கார் என்னிடம் வந்தது. 1980களின் நடுவில் வந்த நான்கு சிலிண்டர் கார், ஃபீட்பேக் கார்புரேட்டர் (சென்சார் சொல்வதைக் கேட்டுக் கம்ப்யூட்டர் கலவையைத் திருத்தும் வகை), எக்சாஸ்ட் புகையில் நிற்கும் ஒற்றை வயர் ஆக்சிஜன் சென்சார். எந்தக் கம்பெனி என்பது இந்தக் கதைக்கு முக்கியமில்லை, ஏனென்றால் அந்தக் காலத்தில் இந்த ஏற்பாட்டோடு வந்த பல கார்களில் இதே கோளாறு இதே மாதிரி வரலாம். காரின் சொந்தக்காரர் ஒரு சின்னப் பெட்டியையும் கையோடு கொண்டு வந்திருந்தார். உள்ளே இரண்டு பழைய சென்சார்கள். "சென்சார் போயிடுச்சுன்னு ரெண்டு பேர் சொல்லி ரெண்டு தடவை மாத்தியாச்சு, இப்ப இருக்கறது மூணாவது. நீங்களும் சென்சார்னு சொல்லிடாதீங்க" என்றார். கார்புரேட்டரையும் ஒருமுறை முழுதாகக் கழற்றி, கிட் போட்டு, செட்டிங் பார்த்துத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு கார் முன்னைவிட மோசம்.

இப்படிப்பட்ட கார்களை இன்றும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் கடைசியில் கம்ப்யூட்டரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு சாதாரண கார்புரேட்டரை மாட்டிவிடுகிறார்கள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தமான விஷயம். இந்த ஏற்பாடு புரிந்துவிட்டால் இதைச் சரிசெய்வது அவ்வளவு கஷ்டமில்லை, அதனால் இந்தக் காரில் நடந்ததை முழுதாக எழுதிவிடுகிறேன்.

சரி, முதலில் கார்புரேட்டரோடு ஒரு சென்சாரைக் கோக்க வேண்டிய அவசியம் என்ன?

மூன்று வழி கேட்டலிடிக் கன்வெர்டர், அதாவது எக்சாஸ்ட் புகையைச் சுத்தம் செய்யும் டப்பாதான் காரணம். கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பனையும் எரித்து முடிக்க ஆக்சிஜன் வேண்டும், நைட்ரஜன் ஆக்சைடை உடைக்க ஆக்சிஜன் இருக்கவே கூடாது. இந்த இரண்டும் ஒரே டப்பாவுக்குள் நடக்க வேண்டுமென்றால் உள்ளே போகும் கலவை, எடையில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற அளவை ஒட்டியே இருக்க வேண்டும். கொஞ்சம் அப்படி இப்படி ஆனாலும் ஒரு பக்கத்து வேலை கெட்டுவிடும். அமெரிக்காவில் 1981 மாடல் கார்களுக்கு வந்த விதிப்படி மைலுக்கு ஹைட்ரோகார்பன் 0.41 கிராம், கார்பன் மோனாக்சைடு 3.4 கிராம், நைட்ரஜன் ஆக்சைடு 1 கிராம். ஜெட்டும் (பெட்ரோல் வரும் சின்னத் துளை) ஊசியும் மட்டும் உள்ள கார்புரேட்டரால் வெயிலிலும் குளிரிலும் மலையிலும் அந்தத் துல்லியத்தைப் பிடிக்க முடியாது. போஷ் உருவாக்கிய லாம்டா சென்சாரை (ஆக்சிஜன் சென்சாரின் இன்னொரு பெயர்) 1976ல் வால்வோ தன் காரில் கொண்டு வந்தது, ஆனால் அது ஃப்யூயல் இன்ஜெக்ஷன் கார். கார்புரேட்டர் காரிலும் அதே வித்தையைச் செய்ய முடியும் என்று சில ஆண்டுகளிலேயே செய்து காட்டினார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1981ல் அமெரிக்காவில் விற்ற தன் பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றில் கம்ப்யூட்டர் கமாண்ட் கன்ட்ரோல் என்ற ஏற்பாட்டைப் போட்டது. அதில் கார்புரேட்டருக்குள்ளேயே ஒரு சோலனாய்டு, அதாவது கரண்ட் போனால் இழுக்கும் மின்காந்தம், நொடிக்கு 10 முறை மேலும் கீழும் துடிக்கும்.

அந்தத் துடிப்புதான் இதில் அழகு. சோலனாய்டுக்குக் கரண்ட் போனால் ஊசி கீழே இறங்கி மெயின் ஜெட்டுக்குப் போகும் பெட்ரோலைக் குறைக்கும், கரண்ட் நின்றால் ஸ்பிரிங் ஊசியை மேலே தூக்கும். நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் எவ்வளவு நேரம் கீழே, எவ்வளவு நேரம் மேலே என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. பாதி நேரம் கீழே இருந்தால் நடுத்தரம். 90 சதவீதம் கீழே என்றால் "முடிந்தவரை லீன் பண்ணு" என்று கட்டளை. 10 சதவீதம்தான் கீழே என்றால் "முடிந்தவரை ரிச் பண்ணு". வேறு சில கார்களில் ஊசிக்குப் பதிலாக, ஜெட்டுக்குள் காற்றைக் கசியவிடும் சின்ன சோலனாய்டு வால்வுகள் இருக்கும். வழி வேறு, கணக்கு ஒன்றுதான்.

இந்தக் கட்டளையைப் பார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. அந்தக் காலத்தில் இக்னிஷன் பாயின்ட் எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்று டிகிரியில் பார்த்து செட் பண்ண வைத்திருந்த டுவெல் மீட்டரே போதும். இன்ஜினில் எத்தனை சிலிண்டர் இருந்தாலும் மீட்டரை 6 சிலிண்டர் அளவில் வைக்க வேண்டும். அதில் முழு அளவு 60 டிகிரி, ஆகவே 30 என்றால் பாதி, 54 என்றால் 90 சதவீதம், 6 என்றால் 10 சதவீதம். முள் 30ஐச் சுற்றி ஆடிக்கொண்டே இருந்தால் எல்லாம் நலம். ஏதாவது ஒரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டால் கம்ப்யூட்டர் தன் எல்லைவரை போயும் சமாளிக்க முடியாமல் நிற்கிறது என்று அர்த்தம். எது கூடினால் லீன், எது கூடினால் ரிச் என்பது காருக்குக் கார் மாறலாம், அதை மட்டும் அந்தக் காரின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சென்சார். தையல் வேலையில் விரலுக்குப் போடும் உறை மாதிரி ஒரு சிர்கோனியா பீங்கான், அதன் உள்ளேயும் வெளியேயும் மெல்லிய பிளாட்டினம் பூச்சு. வெளிப்பக்கம் புகையில் நிற்கிறது, உள்பக்கம் வெளிக்காற்று. சுமார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானதும் பீங்கான் வழியாக ஆக்சிஜன் அயனிகள் நகரத் தொடங்கும், இரண்டு பக்கத்துக்கும் உள்ள ஆக்சிஜன் வித்தியாசம் வோல்டேஜாக வெளியே வரும். புகையில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை என்றால் 0.8, 0.9 வோல்ட். மிச்சம் ஆக்சிஜன் இருந்தால் 0.1, 0.2. நடுவில் 0.45ஐக் கடக்கும் இடத்தில் செங்குத்தாக விழும், அதனால்தான் இது சுவிட்ச் மாதிரி நடந்துகொள்கிறது. எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்று இதற்குச் சொல்லத் தெரியாது. அந்தப் பக்கமா இந்தப் பக்கமா, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் 0.45க்கு மேலே பார்த்தால் லீன் பண்ணும், கீழே பார்த்தால் ரிச் பண்ணும், அதன் விளைவு கலவையாகி, எரிந்து, புகையாகி, சென்சாரிடம் வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும், அதற்குள் அளவு தாண்டியிருக்கும், மறுபடி திரும்பும். இப்படி ஓயாமல் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருப்பதுதான் ஆரோக்கியமான நிலை. ஆடாமல் நிற்கும் சென்சார் வோல்டேஜ் எந்த அளவில் நின்றாலும் சந்தேகத்துக்குரியது.

இதில் ஒரே ஒரு விஷயத்தை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது. அது பார்ப்பது ஆக்சிஜனை மட்டும். "லீன்" என்பது நாம் வைத்த பெயர். சென்சார் சொல்வதெல்லாம் "இங்கே ஆக்சிஜன் இருக்கிறது" என்பதுதான். அந்த ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது என்று அது கேட்காது, கேட்கவும் முடியாது.

காருக்குத் திரும்புவோம்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்த்தேன். சோக் (குளிரில் காற்றைக் குறைத்துக் கலவையை ரிச் பண்ணும் தகடு) மூடியிருக்கும் வரை நன்றாகவே ஓடியது. அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் சென்சாரைக் கவனிப்பதே இல்லை, முன்பே எழுதிவைத்த ஒரு கட்டளையைச் சோலனாய்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். இதை ஓபன் லூப் என்பார்கள். இன்ஜின் தண்ணீர் சூடாகி, சென்சாரும் சூடானதும் க்ளோஸ்டு லூப்புக்கு மாறும். இந்தக் கார் சரியாக அந்த இடத்தில்தான் கெட ஆரம்பித்தது. டுவெல் மீட்டர் முள் மெல்ல மெல்ல இறங்கி 7ல் போய் உட்கார்ந்தது. ஐடிலிங் தடுமாறத் தொடங்கி, புகையில் வாடை ஏறியது. சென்சார் வயரில் டிஜிட்டல் மீட்டரை வைத்தேன் (முள் மீட்டரை இங்கே வைக்கக் கூடாது, சென்சாரின் நூலிழை போன்ற கரண்டை அது இழுத்துத் தின்றுவிடும், 10 மெகாஓம் உள்ளெதிர்ப்பு உள்ள டிஜிட்டல் மீட்டர்தான் வேண்டும்). 0.1 வோல்ட், அசைவே இல்லை.

ஆக, சென்சார் லீன் என்கிறது, கம்ப்யூட்டர் அதை நம்பித் தன்னால் முடிந்த அளவு ரிச் பண்ணுகிறது, இன்ஜின் பெட்ரோலில் மூழ்குகிறது, ஆனாலும் சென்சார் லீன் என்றே சொல்கிறது.

முன்பு பார்த்தவர்கள் எப்படி சென்சாருக்கு வந்து சேர்ந்தார்கள் என்பது எனக்கு அடுத்த சோதனையில் புரிந்தது. கார்புரேட்டர் வாயில் கொஞ்சம் புரொப்பேன் விட்டுப் பார்ப்பது வழக்கமான முறை. கலவை திடீரென ரிச் ஆகும், உயிரோடு இருக்கும் சென்சார் உடனே 0.8க்கு எகிற வேண்டும். விட்டேன். 0.12. இன்னும் கொஞ்சம் திறந்தேன், இன்ஜின் திணறியது, வோல்டேஜ் 0.2ஐத் தாண்டவில்லை. இந்த இடத்தில் நின்றுவிட்டால் "சென்சார் செத்துவிட்டது" என்பதுதான் நியாயமான முடிவு. அவர்கள்மேல் எனக்குக் குறை இல்லை.

ஆனால் மூன்று சென்சார் அடுத்தடுத்து ஒரே மாதிரி சாகாது. சாகும் என்றால் அதற்கு ஒரு கொலைகாரன் வேண்டும்: ஈயம் கலந்த பெட்ரோல், அல்லது சிலிகான் பசையின் ஆவி, அல்லது சென்சார் முனை முழுக்க எரிந்த ஆயில். பெட்டியில் இருந்த பழைய சென்சார்களை எடுத்துப் பார்த்தேன். சிலிகான் படிந்தால் முனையில் வெள்ளைப் படலம் இருக்கும், அது இல்லை. ஈயம் படிந்த பளபளப்பும் இல்லை. வெறும் கருப்புக் கரி. கரி என்பது ரிச்சாக ஓடியதன் அடையாளம், சூடாக்கினால் எரிந்து போய்விடும்.

முதல் சென்சாரை வைஸில் பிடித்து, வயரில் மீட்டரைப் போட்டு, டார்ச் நெருப்பில் முனையைக் காட்டினேன். நெருப்பின் உள்பகுதியில் ஆக்சிஜன் இருக்காது, அதனால் நல்ல சென்சார் சூடானதும் 0.8 தாண்ட வேண்டும், நெருப்பை விலக்கினால் சட்டென்று விழ வேண்டும். கரி எரிந்து முனை வெளுத்தது, அரை நிமிடம் கூட ஆகவில்லை, 0.84. நெருப்பை எடுத்தேன், 0.1க்குக் கீழே. திரும்பக் காட்டினேன், திரும்ப ஏறியது. இரண்டாவது சென்சாரும் அப்படியே. இரண்டுமே உயிரோடுதான் இருந்தன. காரின் சொந்தக்காரர் பக்கத்தில் நின்று மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார், ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை.

அடுத்ததாகக் கம்ப்யூட்டரையும் வயரிங்கையும் விலக்க வேண்டும். இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. சென்சார் கனெக்டரைக் கழற்றி, கம்ப்யூட்டர் பக்கத்து வயரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பேட்டரி பாசிட்டிவைத் தொட வேண்டும். உடம்பின் எதிர்ப்பு வழியாக மிகச் சின்ன கரண்ட்தான் போகும், கம்ப்யூட்டருக்கு அது "ரிச்" என்று கேட்கும். பேட்டரியிலிருந்து நேராக வயர் போட்டுவிடாதீர்கள், கம்ப்யூட்டர் போய்விடும். எதிர்ப்பக்கம் சோதிக்க அந்த வயரை எர்த்தில் தொட்டால் போதும், "லீன்" என்று கேட்கும்.

நான் பாசிட்டிவைத் தொட்டேன். டுவெல் முள் 7லிருந்து கிளம்பி மெதுவாக 20, 30, 40 என்று ஏறி 54ல் நின்றது. அப்படியென்றால் வயர் நன்று, கம்ப்யூட்டர் நன்று, சோலனாய்டுக்குக் கட்டளை போகிறது. ஆனால் இந்தச் சோதனையின் உண்மையான பலன் மீட்டரில் இல்லை, காதில் இருந்தது. முள் ஏற ஏற இன்ஜினின் தடுமாற்றம் குறைந்து, 45ஐத் தாண்டியபோது அந்தக் கார் என்னிடம் வந்ததிலிருந்து முதல் முறையாகச் சீராக ஓடியது.

இதை யோசித்துப் பாருங்கள். இன்ஜின் உண்மையிலேயே லீனாக இருந்திருந்தால், மேலும் லீன் பண்ணும்போது மூச்சு முட்டி நின்றிருக்க வேண்டும். மாறாக, சுகமாக ஓடுகிறது. ஆகவே சிலிண்டருக்குள் போவது ரிச் கலவை, சந்தேகமே இல்லை. சென்சார் நன்றாக இருக்கிறது, அது பார்க்கும் ஆக்சிஜனும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க வேண்டுமென்றால், அந்த ஆக்சிஜன் கார்புரேட்டர் வழியாக வரவில்லை. சிலிண்டரைத் தாண்டிய பிறகு, சென்சாருக்கு முன்னால், எங்கிருந்தோ உள்ளே நுழைகிறது.

அப்படி நுழைய மூன்று வழிதான் உண்டு. ஒரு சிலிண்டர் மிஸ் ஆனால் அது இழுத்த காற்று எரியாமல் அப்படியே வெளியே வரும். ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பார்த்தேன், நான்கிலும் ஆர்பிஎம் கிட்டத்தட்ட சமமாக விழுந்தது, மிஸ் இல்லை. இரண்டாவது, சிலிண்டர்களின் புகையை ஒன்றாகச் சேர்க்கும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல் அல்லது கேஸ்கெட் கசிவு. கசிவு என்றால் புகை வெளியேதானே வரும், காற்று எப்படி உள்ளே போகும் என்று கேட்பார்கள். புகை ஒரே சீராகப் போவதில்லை, துடிப்பு துடிப்பாகப் போகிறது, ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் அழுத்தம் ஒரு கணம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்கும், அப்போது விரிசல் வழியாகக் காற்றை உறிஞ்சும். ஐடிலிங்கில் இது அதிகம். சைலன்சர் வாயைத் துணியால் அடைத்துப் பிடித்து, சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். எங்கும் குமிழ் இல்லை.

மூன்றாவது வழி, காற்றைச் செலுத்துவதற்கென்றே கார் தயாரித்தவர்கள் வைத்த பம்ப்.

அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் பெல்ட்டில் சுற்றும் ஒரு ஏர் பம்ப் இருக்கும். பலருக்கு அது எதற்கு என்றே தெரியாமல் கழற்றிப் போட்டிருப்பார்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது சோக் மூடியிருப்பதால் கலவை ரிச். அப்போது பம்ப் காற்றை எக்சாஸ்ட் வால்வு பக்கத்திலேயே, சிலிண்டரிலிருந்து புகை வெளியேறும் போர்ட்டுக்குள் செலுத்தும். எரியாத பெட்ரோல் அங்கேயே எரியும், அந்தச் சூட்டில் சென்சாரும் கன்வெர்டரும் சீக்கிரம் வேலைக்குத் தயாராகும். அப்போது சென்சாரைக் கம்ப்யூட்டர் கவனிப்பதில்லை என்பதால் இந்தக் கூடுதல் காற்றால் குழப்பம் இல்லை. ஆனால் க்ளோஸ்டு லூப்புக்கு மாறிய உடனே ஒரு ஸ்விட்சிங் வால்வு திரும்பி, காற்றை சென்சாருக்குப் பின்னால், கன்வெர்டரின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே அனுப்ப வேண்டும். முன் அடுக்கில் நைட்ரஜன் ஆக்சைடு வேலை, பின் அடுக்கில் இந்தக் காற்றோடு மிச்சம் மீதி எரியும் வேலை.

அந்த வால்வு திரும்பவில்லை என்றால்?

போர்ட்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸை இடுக்கியால் இறுக்கிப் பிடித்தேன். சென்சார் வோல்டேஜ் ஓரிரு நொடிகளில் 0.1லிருந்து 0.88க்குத் தாவியது. டுவெல் முள் 7ஐ விட்டுக் கிளம்பியது. இடுக்கியை விட்டேன், வோல்டேஜ் விழுந்தது. நான்கைந்து தடவை செய்து பார்த்தேன், தேவையே இல்லாமல், பார்க்க அவ்வளவு நிம்மதியாக இருந்ததால்.

புரொப்பேன் சோதனை ஏன் பொய்யானது என்பதும் இப்போது தெளிவு. சென்சாரின் பிளாட்டினம் தன் மேல் வரும் எரியாத எரிபொருளையும் ஆக்சிஜனையும் ஒன்றோடொன்று சேர்ந்து எரியவைத்துவிட்டு, கடைசியில் எது மிஞ்சுகிறது என்றுதான் சொல்கிறது. பம்ப் கொட்டும் காற்று அவ்வளவு அதிகம், நான் விட்ட புரொப்பேனை எரித்த பிறகும் ஆக்சிஜன் மிஞ்சியது. கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோலைக் கொட்டினாலும் இதே கதைதான். ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்புகிற வேலை.

வால்வைக் கழற்றினேன். அதன் பிளாஸ்டிக் உடல் ஒரு பக்கம் உருகி நெளிந்திருந்தது, உள்ளே இருந்த தடுப்பு போர்ட் பக்கம் திறந்த நிலையில் சிக்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக்கை உருக்கும் சூடு காற்று ஹோஸுக்குள் எப்படி வந்தது? ஹோஸுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் ஒரு ஒருவழி வால்வு இருக்கும். காற்று உள்ளே போகலாம், புகை திரும்பி வரக் கூடாது. அதைக் கழற்றி வாயால் ஊதினால் இரண்டு பக்கமும் தாராளமாகப் போனது. உள்ளே இருந்த தகடு துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. எப்போதோ அது போயிருக்கிறது, அன்றிலிருந்து சூடான புகை பின்னோக்கி வந்து ஸ்விட்சிங் வால்வை வேகவைத்திருக்கிறது, அது சிக்கியதிலிருந்து சென்சார் லீன் என்று சொல்லத் தொடங்கியிருக்கிறது. ஒருவழி வால்வை விட்டுவிட்டு ஸ்விட்சிங் வால்வை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் உருகியிருக்கும். இரண்டையும் மாற்றினேன், ஓரம் கருகியிருந்த ஹோஸையும்.

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

இன்ஜினைச் சூடாக்கினால் இப்போது டுவெல் முள் எதிர்ப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. ஐடிலிங்கில் 54. சென்சார் 0.87லேயே நின்றது. அதாவது சென்சார் இப்போது ரிச் என்கிறது, கம்ப்யூட்டர் முழு மூச்சாக லீன் பண்ணியும் சமாளிக்க முடியவில்லை. காரணத்தைத் தேட ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. இந்த வகைக் கார்புரேட்டர்களில் ஐடில் மிக்சர் ஸ்க்ரூவை யாரும் தொடக் கூடாது என்று ஃபேக்டரியிலேயே இரும்பு அடைப்பு வைத்து மூடியிருப்பார்கள். இதில் அடைப்பைத் துளைத்து எடுத்திருந்தார்கள். லீன் என்று கோட் வந்ததால் ஸ்க்ரூவை நன்றாகத் திறந்துவிட்டு, ஊசி கீழே இறங்கும் எல்லையை நிர்ணயிக்கும் லீன் ஸ்டாப் ஸ்க்ரூவையும் ரிச் பக்கம் தள்ளியிருக்கிறார்கள். கோட்டை நேரடியாக நம்பினால் அப்படித்தான் செய்யத் தோன்றும்.

கம்ப்யூட்டருக்கு இந்தக் கார்புரேட்டரில் இருக்கும் அதிகாரம் அளவானது என்பதை இங்கே சொல்ல வேண்டும். லீன் ஸ்டாப்புக்கும் ரிச் ஸ்டாப்புக்கும் நடுவே உள்ள சின்ன இடைவெளிக்குள்தான் ஊசி ஆட முடியும். அடிப்படை செட்டிங் நடுவில் இருந்தால் இரண்டு பக்கமும் ஆட இடம் இருக்கும். அடிப்படையே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கம்ப்யூட்டர் எல்லையில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். ஆக்சிலரேட்டர் பம்ப், சோக், ஃப்ளோட் மட்டம் (கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் உயரம்) இவை எதன்மேலும் அதற்குக் கை இல்லை. சென்சார் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்று கார்புரேட்டரின் பழைய அடிப்படை வேலைகளை விடுவது இந்தக் கார்களில் அடிக்கடி நடக்கும் தவறு.

ஃப்ளோட் மட்டத்தைப் பார்த்தேன், சரியாக இருந்தது. லீன் ஸ்டாப், ரிச் ஸ்டாப் இரண்டையும் சர்வீஸ் புத்தகத்து அளவுக்கு கேஜ் வைத்துத் திரும்பக் கொண்டு வந்தேன். பிறகு இன்ஜினை முழுதாகச் சூடாக்கி, டுவெல் மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஐடில் மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று மூடிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு அசைவுக்கும் பிறகு காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டால் முள் எங்கே நிற்கும் என்றே தெரியாது. 54, 50, 46. 40ஐத் தொட்டபோது முள் ஆட ஆரம்பித்தது. சென்சார் வோல்டேஜும் 0.2க்கும் 0.8க்கும் நடுவே போய்வரத் தொடங்கியது. ஆனால் சராசரி 38க்குக் கீழே வர மறுத்தது. மேலும் மூடினால் ஐடிலிங் கெட்டது.

அப்போதுதான் டிப்ஸ்டிக் ஞாபகம் வந்தது. ஆயிலில் கலந்திருந்த பெட்ரோல், இன்ஜின் சூடாகும்போது ஆவியாகி, க்ராங்க்கேஸ் காற்றை இழுக்கும் பிசிவி வால்வு வழியாக இன்டேக்குக்குள் போய்க்கொண்டிருந்தது. கார்புரேட்டருக்குத் தெரியாமல் பெட்ரோல் வரும் பின்வாசல். பிசிவி ஹோஸை விரலால் அடைத்ததும் முள் இறங்கியது, அதுவே போதுமான சாட்சி. ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினேன். இது வெறும் மீட்டர் கணக்குக்காக மட்டுமில்லை, பெட்ரோல் கலந்த ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும், இந்த மாதிரி ரிச்சாக ஓடிய எந்தக் காரிலும் ஆயிலை மாற்றாமல் அனுப்பக் கூடாது என்பது என் கண்டிப்பான கருத்து. மாற்றிய பிறகு சராசரி 31. ஐடிலிங்கிலும் சரி, 3000 ஆர்பிஎம்மிலும் சரி, முள் 26க்கும் 36க்கும் நடுவே ஆடியது.

ஐடிலிங்கில் ரொம்ப நேரம் விட்டால் மட்டும் சென்சார் வோல்டேஜ் 0.45 பக்கம் வந்து உறைந்துவிடும், டுவெலும் ஓர் அளவில் நிற்கும். இதைக் கோளாறு என்று நினைத்துத் திரும்ப ஆரம்பிக்க வேண்டாம். ஹீட்டர் இல்லாத ஒற்றை வயர் சென்சார் ஐடிலிங் புகையில் ஆறிவிடுகிறது, அதனால் கம்ப்யூட்டர் ஓபன் லூப்புக்குப் போகிறது. வயரில் தெரியும் 0.45 என்பது கம்ப்யூட்டரே அனுப்பும் ஒரு வோல்டேஜ், சென்சாருடையது அல்ல. ஒரு நிமிடம் 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் சூடேறி மறுபடி ஆடத் தொடங்கும். பின்னாளில் சென்சாருக்குள்ளேயே ஹீட்டர் வைத்தது இதற்காகத்தான்.

கன்வெர்டரைப் பற்றிக் கவலை இருந்தது. இவ்வளவு நாள் ரிச் புகையையும் காற்றையும் சேர்த்துக் குடித்திருக்கிறது, அந்தச் சூட்டில் உள்ளே உருகி அடைத்திருக்கலாம். வேக்குவம் கேஜை இன்டேக்கில் மாட்டி 2500 ஆர்பிஎம்மில் சில நிமிடங்கள் பிடித்துப் பார்த்தேன். அடைப்பு இருந்தால் கேஜ் முள் மெல்லக் கீழே வரும். வரவில்லை.

புதிய பிளக் போட்டுக் கொடுத்தனுப்பினேன். மூன்று மாதம் கழித்து, ஒன்றும் கோளாறில்லை, சும்மா பார்க்கச் சொல்லித் திரும்பக் கொண்டு வந்தார். பிளக் முனைகள் நான்கும் இளம் பழுப்பு. டுவெல் 30ஐச் சுற்றி. கோட் எதுவும் இல்லை. அன்று நேரம் இருந்ததால், பெட்டியிலிருந்த முதல் சென்சாரை, அதாவது "போயிடுச்சு" என்று முதன்முதலில் கழற்றி எறியச் சொன்ன அதே சென்சாரை, காரில் மாட்டி ஓடவிட்டோம். 0.15க்கும் 0.82க்கும் நடுவே ஆடியது. ஏற்ற இறக்கம் புதியதைவிடக் கொஞ்சம் மந்தம், வயதுக்கு அது இயல்பு. அதனால் புதியதையே திரும்ப மாட்டினேன். பழையது இரண்டையும் துணியில் சுற்றி, அவர் தன் பெட்டியிலேயே வைத்துக்கொண்டார்.